வாசனையின் சாட்சியம்

வெல்லப்பாகு காய்ச்சும் வாசனை எழுந்தால் வீட்டில் ஏதோ விசேஷம் என்று மகிழ்வது நம் வழக்கம். 2024ஆம் ஆண்டு வைகாசி மாத மாலை ஒன்றில் அத்தகைய வாசனை எங்கள் வாசலில் எழுந்தது. எண்பத்திரண்டு வயதான என் தாயார் திண்ணையில் அமர்ந்தபடியே, "பக்கத்து வீட்டில் யாரோ பாகு காய்ச்சுகிறார்கள், பதம் தப்பிவிட்டது போலிருக்கிறது" என்றார்கள். பக்கத்து வீடோ பூட்டிக் கிடந்தது. வாசலில் நின்றது, சற்று முன்னர் நான் ஓட்டி வந்து நிறுத்திய கார் ஒன்றுதான்.

அந்த வாசனையின் மூலத்தைத் தேடி இரண்டு மாதங்கள் அலைந்தேன். காரில் இருந்த குறை இறுதியில் அகப்பட்டது. அதனோடு என்னிடமிருந்த குறை ஒன்றும் அகப்பட்டது. இரண்டையும் ஒளிக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்றைய இளைஞர் பலர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே வாழும் முதியவர்களுக்கு அது சொந்த ஊர்ப் பிள்ளையின் பெயர். 1948இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்னும் காரை 1961 முதல் இந்நிறுவனம் இங்கே தயாரித்தது. இத்தாலியக் கலைஞர் மிக்கலோட்டி வரைந்த உருவம், 948 சி.சி. எஞ்சின், தொடக்கத்தில் இரண்டே கதவுகள். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் தாழ்ந்த உடலைப் பொருத்தி, 1962இல் டிரையம்ப் நிறுவனத்தார் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயக் காரை உருவாக்கினார்கள். ஆகவே ஹெரால்டு வைத்திருப்போர் தம் வண்டியையும் பந்தயக் கார் என்று சொல்லிக்கொள்வதில் உறவுமுறை நியாயம் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன.

ஹெரால்டுக்குப் பின் கசெல் என்னும் கார் 1977 வரை வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் வந்தது, அது நிலைக்கவில்லை. 1988இல் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று.

மர்ஹூமாகிவிட்ட என் அத்தா அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர்கள். தம் கையால் எத்தனையோ வண்டிகளை முடுக்கி அனுப்பியவர்கள், எண்பதுகளில்தான் பழைய இரண்டு கதவு ஹெரால்டு ஒன்றைத் தமக்கென வாங்கினார்கள். 2009இல் அவர்கள் காலமான பின் முடிச்சூர்ச் சாலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் அது தார்ப்பாயின் கீழே பதினான்கு ஆண்டுகள் உறங்கிற்று. ஒருநாள் என் தாயார், "அத்தா வண்டியில் ஒரு தடவை பல்லாவரத்துக்குப் போய் என் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வர வேண்டும்" என்றார்கள். அவர்கள் என்னிடம் எதையும் கேட்பவர்கள் அல்லர். ஆதலின் வண்டியை எழுப்பத் துணிந்தேன்.

பெருங்களத்தூரில் சிறிய ஷெட் வைத்திருக்கும் இளைஞர் ஒருவரிடம் வண்டியை ஒப்படைத்தேன். அவர் என்னிடம் பள்ளியில் தமிழ் படித்த மாணவர். அவருடைய தாத்தாவும் என் அத்தாவும் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்தவர்கள். ஹெரால்டின் நுட்பங்களை அவர் தாத்தாவிடமே கற்றிருந்தார். மூன்று மாதம் உழைத்து வண்டியை ஓடவைத்தார். எஞ்சினுக்குள் நீர் ஓடும் வழிகளையெல்லாம் மருந்து விட்டுக் கழுவி, வெறும் நீருக்குப் பதிலாகப் பச்சை நிறக் கூலன்ட்டை நிரப்பித் தந்தார்.

"பனியே பெய்யாத ஊரில் இது எதற்கு, தம்பி? அத்தா கிணற்று நீரைத்தானே ஊற்றினார்கள்?" என்று கேட்டேன்.

"பனிக்காக இல்லை, ஐயா. துருவுக்காக" என்றார் அவர்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பாகு வாசனை வந்தது. வண்டியை நிறுத்திய ஐந்தாவது நிமிடத்தில் எழும். அரை மணி நேரத்தில் அடங்கும். தரையில் ஒரு சொட்டுக்கூட இராது. ஆனால் வாரத்துக்கு ஒரு தம்ளர் அளவு கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது.

இங்கேதான் நான் தவறினேன். மத்ரஸாவில் மன்திக் என்னும் தருக்க நூலை ஓதியவன் நான். தமிழில் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்குகிறவன். புகையைக் கண்டு நெருப்பைக் கருதலாம். ஆனால் புகை எந்த வீட்டிலிருந்து வருகிறதென்று பாராமல் அண்டை வீட்டாரைக் குற்றம் சொல்லலாகாது என்று வகுப்பில் உதாரணம் காட்டியவன். அத்தகைய நான், "முன்பு வாசனை இல்லை, இவர் கை வைத்த பிறகு வந்தது, ஆகவே காரணம் இவரே" என்று முடிவு கட்டினேன். ஒன்றன்பின் ஒன்று வந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்னும் பாலபாடம் எனக்கு நினைவு வரவில்லை.

முடிவு கட்டியதோடு நின்றேனா? அவருடைய ஷெட்டுக்குச் சென்று, அங்கே நின்ற நான்கு வாடிக்கையாளர்களும் அடுத்திருந்த தேநீர்க் கடைக்காரரும் கேட்க, "படித்த இடத்துக்கே மோசம் செய்யலாமா? அரைகுறை வேலைக்கு முழுக் கூலி வாங்கினாயே!" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் கறுத்தது. "வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், ஐயா. பார்க்கிறேன்" என்றார். நான் விடவில்லை. நேராக வேறொரு ஷெட்டுக்கு ஓட்டிச் சென்றேன்.

அங்கே வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரேடியேட்டர்தான்" என்றார்கள். எந்தச் சோதனையும் இல்லை. ரேடியேட்டரை அடைத்துத் தந்தார்கள்; ரப்பர்க் குழாய்களையும் மூடியையும் புதிதாகப் போட்டார்கள். 6,500 ரூபாய் ஆயிற்று. வாசனை போகவில்லை. முன்னைவிட அதிகமாயிற்று.

அந்த நாட்களில்தான் என்னை நடுங்கவைத்த சம்பவம் நிகழ்ந்தது. இரண்டாவது ஷெட்டின் பையன் எங்கள் வாசலிலேயே கூலன்ட்டை ஒரு தட்டில் இறக்கி வைத்துவிட்டு, குழாய் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். மூன்று வயதான என் பேத்தி அந்தப் பச்சை நிறத்தையும் இனிய மணத்தையும் கண்டு சர்பத் என்றெண்ணி விரலை நனைத்து வாயருகே கொண்டுபோனாள். தாயார் திண்ணையிலிருந்து போட்ட கூச்சலில் அவள் விரல் வாய்க்குப் போகாமல் நின்றது. கையைக் கழுவிவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியர் சொன்னதைக் கேட்டபோதுதான் தப்பியது எதிலிருந்து என்று புரிந்தது. கூலன்ட்டில் பெரும்பாலும் கலந்திருப்பது எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவம். சுவையில் இனிப்பு, செயலில் நஞ்சு. உடலுக்குள் சென்றால் கல்லீரல் அதனை அமிலங்களாக மாற்றுகிறது. அவற்றிலிருந்து பிறக்கும் ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத்தை அடைத்துவிடுகின்றன. நாயும் குழந்தையும் இனிப்பை நம்பி நக்கிவிடும் என்பதுதான் இதிலுள்ள பேராபத்து. இதன் நெருங்கிய உறவான டைஎத்திலீன் கிளைக்கால் மருந்தில் கலந்ததால் 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025இல் நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அதே நஞ்சு இருந்ததும், மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட பச்சிளம் பிள்ளைகள் அதற்குப் பலியானதும் நாடறிந்த துயரம். இனிப்பெல்லாம் நன்மையன்று என்பதை நான் ஏட்டில் படித்திருந்தேன். என் வீட்டு வாசலிலேயே அதனைக் கண்டேன்.

இனிமேல் இந்த வாசனையை வைத்துக்கொண்டு வாழ முடியாது. இரண்டாவது ஷெட்டார், "எஞ்சினையே பிரிக்க வேண்டும்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். தாயார் ஒருநாள் மெல்லக் கேட்டார்கள்: "அந்தப் பிள்ளையிடமே கொண்டுபோனால் என்ன? அவன் தாத்தா ஒரு திருகாணியைக்கூட இரண்டு முறை முடுக்குவார் என்று அத்தா சொல்வார்களே?"

வெட்கத்தோடு போனேன். அந்த இளைஞர் பழையதைப் பேசவில்லை. வண்டியைத் தொடுவதற்கு முன்னர் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"வாசனை ஓடும்போது வருகிறதா, நின்ற பிறகா?"

"நின்ற பிறகு."

"உள்ளே உட்கார்ந்திருக்கும்போதா, வெளியே நிற்கும்போதா?"

"வெளியே."

"முன்பக்கம் வலையருகே அதிகமா, சக்கரத்தின் அருகே அதிகமா?"

அதுவரை நான் கவனித்ததில்லை. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு இருவரும் முகர்ந்து பார்த்தோம். வலையருகே ஒன்றுமில்லை, சக்கர வளைவின் அருகே பாகு மணத்தது. "அப்படியானால் ரேடியேட்டர் நிரபராதி" என்றார் அவர்.

அந்தக் கணத்தில் எனக்கு ஹதீஸ் கலையின் இஸ்னாத் நினைவுக்கு வந்தது. ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருக்கு முந்தியவர் யார் என்று ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிச் சென்று, ஒவ்வொருவரின் நம்பகத்தையும் எடை போட்ட பின்னரே நம் முன்னோர் அதனை ஏற்றார்கள். இந்த மெக்கானிக் அக்கலையின் பெயரையும் அறியாதவர். ஆனால் அவர் செய்தது அதே ஆய்வு. வாசனை என்னும் செய்தியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாக விசாரித்தார்.

நின்ற பிறகு வாசனை வருவதற்கு முதலில் காரணம் சொன்னார். ஓடும்போது காற்றும் விசிறியும் எஞ்சினைக் குளிர்விக்கின்றன. கசியும் ஆவியும் காற்றோடு போய்விடுகிறது. நிறுத்தியதும் நீரைச் சுழற்றும் பம்பு நின்றுவிடுகிறது. இரும்பில் தேங்கிய வெப்பம் நீருக்குள் ஏறுகிறது. சில நிமிடங்களுக்கு உள்ளே அழுத்தம் கூடுகிறது. பலவீனமான இடம் அப்போதுதான் வாய் திறக்கும்.

பிறகு எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். அம்மூடி வெறும் மூடியன்று; அது உள்ளே அழுத்தத்தைக் காக்கும் வால்வு. ஹெரால்டு போன்ற பழைய வண்டிகளில் அது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அளவில் பிடித்து நிற்கும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், அந்த அழுத்தத்தில் 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். பழைய மூடி தளர்ந்திருந்ததால் அழுத்தம் குறைவாக இருந்தது. இரண்டாவது ஷெட்டில் போட்ட புதிய மூடி அழுத்தத்தை முழுமையாகப் பிடித்தது. வாசனை அதிகமானதற்கு அதுவே காரணம் என்றார்.

ஹெரால்டின் முன்மூடி, மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும். டயரின் மேலேயே அமர்ந்து வேலை பார்க்கலாம். அவ்வாறு அமர்ந்து, எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் மோர் நிறமாகியிருந்தால் நீர் அதில் கலக்கிறதென்று பொருள். எண்ணெய் தெளிவாக இருந்தது. எஞ்சினை ஓட்டிப் புகைக்குழாயைப் பார்த்தார். சூடேறிய பின்னும் வெண்புகை தொடர்ந்து வந்தால் தலைப்பாகத்தின் கேஸ்கெட் எரிந்திருக்கலாம், வெண்புகை இல்லை. பம்பின் அச்சைக் கையால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டமும் ஈரமும் இல்லை. குளிர்நாட்டுக் கார்களில் பயணிகளுக்கு வெப்பமூட்டும் கருவி கசிந்து உள்ளே வாசனை வருவதுண்டு. எங்கள் வண்டியில் அக்கருவியே கிடையாது. தாம்பரத்து வெயிலுக்கு அது வேண்டியதுமில்லை.

எஞ்சின் மறுபடி ஆறியதும், மூடி இருந்த வாயில் அளவுமானி வைத்த ஒரு கைப்பம்பைப் பொருத்தி 7 பவுண்டு வரை காற்றை ஏற்றினார். முள் மெல்ல மெல்ல இறங்கிற்று. தரையில் சொட்டு இல்லை. "சொட்டாததால் கசியவில்லை என்று எண்ணக்கூடாது, ஐயா. சுடும் இரும்பின்மேல் விழுந்தால் தரைக்கு வரும் முன்னே ஆவியாகிவிடும்" என்றார். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியைக் கம்பியில் கட்டி, புகை வெளியேறும் இரும்புக் குழாய்த் தொகுதிக்குப் பின்னால் நீட்டி, டார்ச் அடித்தார். "வந்து பாருங்கள்" என்றார்.

கண்டேன். எஞ்சினின் பக்கவாட்டில் வட்டமான ஒரு தகட்டு மூடி. அதன் விளிம்பில் உப்புப் பூத்தாற்போல வெளிர்பச்சைப் படிவு. அதன் நடுவே மணியளவான ஒரு பச்சைத் துளி. வார்ப்பு எஞ்சினை வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை வெளியேற்றத் துளைகள் விடுவார்கள். அவற்றை அடைக்கும் மூடிகளைக் கோர் பிளக் என்கிறார்கள். குழாய்த் தொகுதியைக் கழற்றிவிட்டு அந்த மூடியில் திருப்புளியை அழுத்தினார். அப்பளத்தில் இறங்குவதுபோல் இறங்கிற்று.

அந்தத் தகட்டை உள்ளிருந்து அரித்தது, பல்லாண்டுகளாக ஊற்றிய கிணற்று நீர். அரித்த நீரே துருவையும் சுண்ணத்தையும் படியவைத்து, தான் செய்த ஓட்டையைத் தானே அடைத்தும் வைத்திருந்தது. அத்தா இருந்த காலத்திலேயே சிறிது கசிந்திருக்கலாம். வெறும் நீருக்கு வாசனை இல்லாததால் யாரும் அறிந்திருக்க முடியாது. கழுவியபோது துரு போயிற்று; ஓட்டை வெளிப்பட்டது. புதிதாக ஊற்றிய கூலன்ட் தன் வாசனையால் அதனை அறிவித்தது. குறையை உண்டாக்கியவர் இந்த இளைஞர் அல்லர். மறைந்திருந்த குறையை வெளியே கொண்டுவந்தவர். அவரைத்தான் நான் குற்றவாளி என்றேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால், அறியாமையால் தவறினேன் என்று ஆறுதல் கொண்டிருப்பேன். அன்றிரவு பழைய கணக்கைச் சரிபார்க்க வண்டியின் காகிதப் பையைத் திறந்தேன். வேலை தொடங்குமுன் அவர் எழுதித் தந்த மதிப்பீட்டுச் சீட்டு கிடைத்தது. அதில் ஏழாவது வரி: "கோர் பிளக் எல்லாம் மாற்ற வேண்டும். பழசு. கழுவினால் கசியும்." அந்த வரியின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் "இப்போது வேண்டாம்" என்று எழுத்து. விடைத்தாள் திருத்தும் என் பேனா, என் கையெழுத்து. செலவைக் குறைக்க நானே அடித்துவிட்டு, அடித்ததையும் மறந்திருந்தேன்.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அவர் நினைத்திருந்தால் முதல் நாளே, அந்த நான்கு பேர் முன்னிலையில், "நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்?" என்று கேட்டு என்னை வாயடைக்கச் செய்திருக்கலாம். ஆசிரியன் என்பதற்காக விட்டுவிட்டார். நானோ ஒவ்வொரு கண்ணியையும் விசாரிக்க வேண்டிய தொடரில், கடைசிக் கண்ணியாகிய என்னை மட்டும் விசாரிக்காமலே நம்பகமானவன் என்று ஏற்றுக்கொண்டிருந்தேன்.

பலர் முன்னிலையில் சொன்ன பழியைத் தனியிடத்தில் திரும்பப் பெறுவது நியாயமாகாது. மறுநாள் காலை ஷெட்டுக்குச் சென்றேன். முன்பு நின்றவர்களில் இருவர் அன்றும் இருந்தார்கள். தேநீர்க் கடைக்காரரும் இருந்தார். சீட்டைக் காட்டி, "தவறு என்னுடையது. இவர் முதலிலேயே எழுதித் தந்திருக்கிறார், நான் அடித்திருக்கிறேன். அன்று நான் சொன்ன சொல் பொய். என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "அண்ணே, ஐயாவுக்கு ஒரு டீ" என்றார். அவ்வளவுதான்.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் பட்டறிந்ததைச் சொல்லிவைக்கிறேன். பாகு வாசனை வந்தால் அலட்சியம் வேண்டாம். எப்போது, எங்கே வருகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தச் சோதனை செய்யாமல் எதையும் மாற்றாதீர்கள். இறக்கிய கூலன்ட்டைக் குழந்தைகளும் பிராணிகளும் எட்டும் இடத்தில் ஒரு நொடியும் வைக்காதீர்கள். மெக்கானிக் தந்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கோபம் வந்தால் முதலில் அதை எடுத்துப் படியுங்கள்.

எல்லாக் கோர் பிளக்குகளையும் பித்தளையில் மாற்றினார். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றின் அதிகாலையில் தாயாரை முன்னிருக்கையில் அமர்த்திப் பல்லாவரம் புறப்பட்டேன். ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்ததும் அவர்கள், "முதலில் தெற்கே திருப்பு" என்றார்கள். இரும்புலியூர், பெருங்களத்தூர் தாண்டி, அத்தா முப்பது ஆண்டுகள் சைக்கிளில் போய்வந்த வழியில் வண்டலூர் வரை சென்றோம். சாலையோரம் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. தாயார் கண்ணாடியை இறக்கி, மூச்சை இழுத்துப் பார்த்தார்கள்.

"ஒன்றும் வரவில்லை" என்றார்கள். பிறகு, "அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடு" என்றார்கள்.